பின்விளக்கு எரியவில்லை: நாமே பார்ப்பதா, எலக்ட்ரீஷியனா, சர்வீஸ் சென்டரா?

போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் திரும்பிக்கொண்டிருந்தேன். கீழ்வேளூர் தாண்டியதும் பின்னால் வந்த வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, "சார், கீழ பிரேக் லைட் ரெண்டும் எரியல. மேல ஒண்ணுதான் எரியுது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எத்தனை நாளாக அப்படி ஓடிக்கொண்டிருந்ததோ. பின்விளக்கு கெட்டுப்போனால் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் காரின் சொந்தக்காரருக்குத் தெரிகிறது.

மறுநாள் காலை காப்பி ஆறுவதற்குள் ஆளுக்கொரு யோசனை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டுவிடச் சொன்னார் பக்கத்து வீட்டு அண்ணன். "வெளிப்பாளையத்துல நம்ம எலக்ட்ரீஷியன் இருக்காரே" என்றாள் மனைவி. மைத்துனர் வந்தவர், "இன்னும் எதுக்கு மாமா குண்டு பல்பு, எல்இடி போட்டுடுங்க" என்றார். நானே திருப்புளியை எடுக்கலாம் என்ற யோசனை எனக்கு மட்டும்தான் இருந்தது, அதனால் வெளியே சொல்லவில்லை.

நாலையும் பல வருடங்களில் ஒவ்வொரு முறையாக முயன்று பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். யாரிடம் போவது என்பதை முதலில் முடிவு செய்தால் செலவு கூடும். என்ன கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு முடிவு செய்தால் குறையும். எங்கே சரிசெய்வதாக இருந்தாலும் கோளாறைப் பார்ப்பது மட்டும் வீட்டில் நடக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் போதும், பைசா செலவில்லை.

உதவிக்கு ஆள் இல்லாவிட்டாலும் பார்க்கலாம். இருட்டியதும் காரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் காம்பவுண்டுச் சுவருக்கு இரண்டு முழம் தள்ளி நிறுத்துங்கள். பிரேக்கை மிதிக்கும்போது சுவரில் விழும் சிவப்பு பக்கக் கண்ணாடியிலேயே தெரியும். பகல் என்றால் ஒரு துடைப்பக்கட்டையைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலான கார்களில் சாவி போடாமலேயே பிரேக் லைட் எரியும்.

எது எரிகிறது, எது எரியவில்லை என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மூன்று பிரேக் லைட்டும் ஒன்றாக அணைந்திருந்தால் மூன்று பல்பும் ஒரே நாளில் போயிருக்காது. பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் அல்லது ஃபியூஸ்தான் காரணமாக இருக்கும். என் காரைப்போல மேலே உள்ளது எரிந்து கீழே இரண்டும் எரியவில்லை என்றால் சுவிட்ச் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்போது பல்பையும் ஹோல்டரையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம் எப்போதோ போயிருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். இரண்டாவதும் போன பிறகுதான் யாராவது சொல்வார்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றாலும் ஃபியூஸை விட்டுவிட்டு முதலில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே வழி. சில கார்களில் டெயில் லைட்டுக்கு இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு, அது வேறு விஷயம்.

ஆளைக் குழப்பும் கோளாறு ஒன்று உண்டு. பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் மங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. இதைப் பார்த்ததும் பெரிய ஒயரிங் கோளாறு என்று பயந்துவிடுவார்கள். அனேகமாக அது எர்த் கோளாறுதான். அந்த விளக்குக் கூட்டின் எல்லா பல்புக்கும் எர்த் ஒன்றே. அந்த ஒயர் பாடியில் சேரும் இடம் துருப்பிடித்தால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்பின் இழை வழியாக வெளியேறப் பார்க்கும். டிக்கிக்குள் அந்தப் பத்தாம் நம்பர் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப முடுக்கினால் வேலை முடிந்தது. இதே கோளாறுக்கு ஒரு விளக்குக் கூட்டையே மாற்றச் சொல்லி எனக்கு எஸ்டிமேட் வந்ததுண்டு. எங்கே என்று சொல்லப்போவதில்லை.

பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருப்பது இன்னொரு வகை. பெடலில் சுவிட்சை அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். வருடங்கள் போகப்போக அது நொறுங்கி உதிரும். டிரைவர் காலடி விரிப்பில் பிளாஸ்டிக் துகள் கிடந்தால் அதுவாகத்தான் இருக்கும். இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. இரண்டு 21 வாட் பல்பு சேர்ந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கும். சின்ன பெட்ரோல் கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே இரவில் காலியாகிவிடும்.

சரி, வீட்டில் செய்யக்கூடிய வேலை எது? பல்பு, ஹோல்டர், எர்த், ஃபியூஸ். என் கணக்கில் பின்விளக்குக் கோளாறில் பெரும்பகுதி இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

பழைய வகை விளக்கில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே பல்புதான். பெயர் பி21/5டபிள்யூ. உள்ளே இரண்டு இழை: டெயில் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். அதனால்தான் டெயில் எரிந்துகொண்டிருக்கும்போதே பிரேக் மட்டும் போய்விடுகிறது. "டெயில் எரியுதே, அப்ப பல்பு நல்லாத்தானே இருக்கு" என்று நினைத்து ஒயரை நோண்டப் போகிறவர்கள் உண்டு, ஒரு காலத்தில் நானும் அப்படித்தான். இன்னும் விசித்திரமாக, அறுந்த இழை பக்கத்து இழைமேல் விழுந்து ஒட்டிக்கொண்டால், பிரேக்கை மிதிக்கும்போது டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரியும். பேய் பிடித்த மாதிரி இருக்கும், ஒரு பல்பை மாற்றினால் ஓடிவிடும்.

பல்பை உள்ளே அழுத்தி, இடப்பக்கமாகத் திருப்பினால் கையோடு வரும். பித்தளை அடிப்பாகத்தில் இருக்கும் இரண்டு முள்ளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஹோல்டரில் ஒரே ஒரு வழியில்தான் போக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. போகவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். மல்லுக்கட்டிச் செருகினால் டெயிலுக்கு 21 வாட்டும் பிரேக்குக்கு 5 வாட்டும் எரியும். பின்னால் வருபவருக்கு நாம் எப்போதும் பிரேக்கில் கால் வைத்திருப்பதுபோலவும், நிஜமாகவே மிதிக்கும்போது ஒன்றும் நடக்காததுபோலவும் தெரியும். எரியாத விளக்கைவிட இது ஆபத்து. கடையிலும் "பிரேக் பல்பு" என்று மட்டும் கேட்காமல் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஒற்றை இழை பி21டபிள்யூ பார்வைக்கு அச்சு அசல் இதே மாதிரி இருக்கும்.

எனக்கு அன்று இடது பக்கம் நேரான விஷயம். இழை அறுந்து, கண்ணாடி உள்ளுக்குள் கருத்திருந்தது. வலது பக்கம்தான் நேரம் எடுத்தது. பல்பு நன்றாக இருந்தது. இடது ஹோல்டரில் போட்டால் இரண்டு இழையும் எரிகிறது, வலதில் டெயில் மட்டும்தான். ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பித்தளை முனை இரண்டில் ஒன்றில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கடலுக்கு ஒன்றரை கிலோமீட்டரில் வீடு. உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் பித்தளை என்ன செய்யும்! பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளைப் பென்சில் முனையில் சுற்றித் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, அழுந்திப்போயிருந்த முனையைச் சின்னத் திருப்புளியால் கொஞ்சம் நெம்பி மேலே தூக்கினேன். எரிந்தது. இரண்டு பக்கத்துக்கும் புதுப் பல்பே போட்டேன், இரண்டும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஆகவில்லை. நேரம் முக்கால் மணி. அதில் இருபது நிமிடம் டிக்கியில் கிடந்த சாமான்களை எடுத்து வைத்தது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோல்டரில் பல்பு இல்லாமல் அளந்தால், ஒரே ஒரு இழை செம்பு மிச்சமிருக்கும் ஒயரும் 12 வோல்ட் காட்டும். பல்பைப் போட்டதும் அந்த ஒயரால் 21 வாட்டைச் சுமக்க முடியாது. அதனால் பழைய கார்களில் மீட்டரைவிட, ஒயர் கோத்த சாதாரண பல்பாலான டெஸ்ட் லாம்ப் நேர்மையானது. எலக்ட்ரீஷியன்கள் எல்லார் சட்டைப்பையிலும் அது இருப்பது சும்மா இல்லை.

ஃபியூஸ் விஷயத்தில் வீட்டு வேலைக்கு ஒரு எல்லை உண்டு. சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போனதை அதே நிறத்தில் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். அதுவும் போனால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். நீலத்துக்குப் பதில் மஞ்சளைச் செருகினால் அடுத்து உருகுவது ஒயராக இருக்கும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் எங்கோ ஒயர் பாடியில் உரசுகிறது. டிக்கிக் கதவு மடங்கும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் ஒயர் நைந்திருக்கிறதா, அல்லது ரிவர்ஸ் கேமரா வைத்தவர் ரிவர்ஸ் லைட் ஒயரைச் சீவி எடுத்திருக்கிறாரா என்று பார்க்க ஆள் வேண்டும். இங்கிருந்துதான் மற்றவர்களின் நேரம் தொடங்குகிறது.

எலக்ட்ரீஷியனா, சர்வீஸ் சென்டரா?

ஒயர் அறுந்தது, உரசியது, ஹோல்டர் உருகியது போன்றவற்றுக்கு என் ஓட்டு தெருவோர ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குத்தான். சர்வீஸ் சென்டரில் ஒயரை ஒட்டுவதைவிட, பகுதியோடு மாற்றவே விரும்புவார்கள். அவர்கள் செய்யும் வேலைக்கு வாரண்டி கொடுக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கணக்கில் அது நியாயம்தான். ஆனால் பன்னிரண்டு வருடப் பழைய காருக்கு முழு ஒயரிங் செட் மாற்றுவது மாட்டைவிடக் கயிறு விலை அதிகம் என்கிற மாதிரி ஆகிவிடும். எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பார். கூலி சில நூறில் முடியும்.

அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று: ஒட்டு. ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிடுவதுதான் வழக்கம். நம் வெயிலில் அந்த டேப்பின் பசை ஒரே கோடையில் இளகி வழிந்துவிடும், அப்புறம் மழைத்தண்ணீர் உள்ளே போகும். "ஈயம் வச்சு, ஸ்லீவ் போட்டுக் கொடுங்கண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் செய்துகொடுக்கிறார்கள். நாம் பக்கத்தில் நிற்பதும் அவசியம். குற்றம் சொல்வதற்கு இல்லை, எந்த ஒயர் எங்கே ஒட்டப்பட்டது என்று அடுத்த முறை நமக்குத் தெரிய வேண்டுமே.

சர்வீஸ் சென்டர் தேவைப்படும் இடமும் உண்டு. புதிய கார்கள் பலவற்றில் விளக்குக்குப் போகும் மின்சாரத்தை பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற கணினிப் பெட்டிதான் கொடுக்கிறது. சிலவற்றில் அது முழு 12 வோல்ட்டையும் கொடுக்காமல் விட்டுவிட்டுத் துடிப்பாகக் கொடுத்து ஒரே இழையை மங்கலாகவும் பிரகாசமாகவும் எரிய வைக்கும். அங்கே டெஸ்ட் லாம்பை வைத்து நோண்டுவது எனக்குப் பயம். ஸ்கேனர் மாட்டிப் படிப்பதே முறை. வாரண்டி முடியாத காரில் ஒயரை வெளியாள் வெட்டினால் பிற்பாடு வாதாட வேண்டிவரும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பிரேக் சுவிட்ச் போனால் கியர் 'பி'யிலிருந்து நகராமல் போகலாம். அப்போது நீங்கள் தேடிப்போக முடியாது, அவர்கள்தான் வர வேண்டும்.

கண்ணாடி உடைந்தால்

இதுவரை சொன்னது மின்சாரக் கோளாறு. விளக்குக் கூடே உடைந்தால் கணக்கு வேறு. கம்பெனி ஒரிஜினல், வெளிக்கம்பெனி டூப்ளிகேட், பிரித்த காரிலிருந்து எடுத்தது என்று மூன்று வழி. பல்பு வகை விளக்கென்றால் ஒரிஜினலையே வாங்கிவிடுங்கள். வித்தியாசம் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கும். டூப்ளிகேட்டில் எனக்குப் பிரச்சினை தந்தது வெளிச்சம் அல்ல, பின்னால் வரும் நுரை வாஷர். சரியாக உட்காராமல் முதல் மழையிலேயே டிக்கிக்குள் தண்ணீர் வந்தது. இரண்டாம் வருடம் சிவப்பு வெளுத்து ரோஜாப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது.

தொழிற்சாலையிலிருந்தே எல்இடியாக வரும் விளக்கு என்றால், பிரித்த கார்களின் பாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டை நினைவுக்கு வர வேண்டும். அந்தக் கூடுகளில் பெரும்பாலும் பல்பை மட்டும் மாற்ற வழியில்லை. உள்ளே ஒரு வரிசை அணைந்தாலும் முழுசாகத்தான் மாற்ற வேண்டும், விலை பல மாடல்களில் ஐந்து இலக்கத்தில் நிற்கும். பிரித்த காரின் ஒரிஜினல் விளக்கு அதில் ஒரு பகுதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் கடையிலேயே பேட்டரி வைத்து எரியவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது. காதுகள், அதாவது போல்ட் மாட்டும் பிளாஸ்டிக் முனைகள், ஒட்டவைத்ததா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸில் கிளெய்ம் செய்யலாமே என்று உடனே தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். விளக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கழிப்பார்கள், மிச்சம் 1,200. 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயமாக நம் பங்கு 1,000. கைக்கு வருவது 200 ரூபாய். அதற்காக, ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத போனஸை, அதாவது பிரீமியத் தள்ளுபடியை, விடுவதா? தேய்மானமே கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி என்றாலும் 1,400தான் வரும். விலை உயர்ந்த எல்இடி கூடு உடைந்தாலோ பம்பரும் சேர்ந்து அடிபட்டாலோதான் கிளெய்ம் பக்கம் போக வேண்டும்.

விரிசல் மட்டும் என்றால் சிவப்பு ஒட்டுத்தாள் தற்காலிகமாகப் போதும். சிலிக்கான் பூசுவதாக இருந்தால் புளித்த வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள், அந்த ஆவி உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்கும். மழை விட்டதும் கண்ணாடிக்குள் லேசாகப் பனி படர்ந்து ஓரிரு மணி நேரத்தில் மறைந்தால் அது கோளாறே இல்லை. தண்ணீர் தேங்கி ஆடினால்தான் கோளாறு. அடியில் ஓட்டை போட்டு வடித்துவிடச் சொல்லும் நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு. தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் இன்னொரு வழி திறந்துவைப்பதில் என்ன லாபம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரிசெய்யும்வரை ஓட்டலாமா? ஒரு பக்கம் போயிருந்தால் பகலில் கடைக்குப் போய்வரலாம். இரண்டு பிரேக் லைட்டும் இல்லாமல் எங்கேயும் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய்வரை அபராதம் என்பது சின்ன விஷயம். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் திடீரென்று கண்முன் முளைக்கும்போது வயிற்றில் ஒன்று புரளுமே, நமக்குப் பின்னால் வருபவருக்கு நாம் அப்படித்தான் தெரிவோம்.

மைத்துனரின் எல்இடி

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. இழை சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் நாலு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். எல்இடிக்காகவே வடிவமைத்த விளக்கில் இது உண்மையான ஆதாயம்.

குண்டு பல்புக்குச் செய்த கூட்டில் எல்இடியைச் செருகும்போதுதான் சிக்கல். பின்னால் இருக்கும் வெள்ளிக் குழி, இழை எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்தைக் குறிவைத்துச் செய்தது. எல்இடியின் ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்புவதால் நேரே பின்னால் நிற்பவருக்குக் கண் கூசும், பக்கவாட்டில் வருபவருக்கு மங்கலாகத் தெரியும். மலிவான வகைகளில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசமே போதாது. வெள்ளை எல்இடியைச் சிவப்புக் கண்ணாடிக்குள் போட்டால் சிவப்பும் சரியாக வராது.

மைத்துனர் தன் காரில் இண்டிகேட்டருக்கும் சேர்த்துப் போட்டிருந்தார். எல்இடி மிகக் குறைவாக மின்சாரம் இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இண்டிகேட்டர் படபடவென்று அடித்தது. அதைச் சரிசெய்ய 6 ஓம் ரெசிஸ்டர் இரண்டு வாங்கிக் கோத்தார். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட். பழைய பல்பே 21 வாட்தான்! மிச்சம் பிடித்த மின்சாரமெல்லாம் சூடாகப் போனது. ரெசிஸ்டரை டிக்கியின் பிளாஸ்டிக் மறைப்பில் ஒட்டியிருந்தார், அது இளகி வாடை வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றி, பழைய பல்புகளையே திரும்பப் போட்டோம். ரெசிஸ்டர் இரண்டும் என் டூல் பாக்ஸில்தான் கிடக்கின்றன.